இனிஷியலில் மட்டும் இருக்கும் அப்பா!

"குழந்தை எவ்ளோ வெயிட்?"

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பதினான்கு மாதப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்த என் அக்கா கணவர், "ஒரு... ஒன்பது கிலோ இருக்கும் டாக்டர்" என்றார். இருக்கும் என்றுதான் சொன்னார். இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"காய்ச்சல் மருந்து கடைசியா எப்போ கொடுத்தீங்க?"

"எட்டு மணிக்கு. நான்தான் கொடுத்தேன்."

"டிராப்ஸா, சிரப்பா?"

"சின்ன பாட்டில் டாக்டர். ஆரஞ்சு கலர்ல இருக்கும்."

"அதுக்கு முன்னாடி அவங்க அம்மா ஏதும் கொடுத்தாங்களா? ஒன்பதாம் மாச ஊசி போட்டாச்சா? ராத்திரியிலிருந்து எத்தனை தடவை யூரின் போச்சு?"

மாமா போனை எடுத்து அக்காவுக்கு அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். அப்படித்தான் இருக்கும். அக்கா அந்த நேரத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு டி.என்.பி.எஸ்.சி தேர்வு மையத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். 9.30 மணிக்கு ஆரம்பித்தால் 12.30 மணி வரை வெளியே வர முடியாது. செல்போன் உள்ளே போகவே போகாது. அடுத்து விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்கு அடித்தார். அம்மா பதறிப்போய் சென்னையில் இருக்கும் எனக்கு அடித்தார். ஓசூரில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைப் பற்றிய தகவலுக்காக மூன்று ஊர்களில் போன் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையைப் பெற்ற அப்பா, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா நன்றாக இருக்கிறாள். மதியம் வரை அங்கேயே படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஓ.ஆர்.எஸ் கரைசல் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால், அன்று நடந்தது சாதாரண விஷயம் இல்லை என்பது தேர்வு முடிந்து அக்கா போனை ஆன் செய்த பிறகுதான் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு பஸ் பிடிக்கக் கிளம்பும்போதே அக்கா ஒரு முறை மருந்து கொடுத்திருந்தாள். "மருந்து கொடுத்துட்டேன், இனி பத்து மணிக்கு மேல பாருங்க" என்று மாமாவிடம் சொல்லியும் இருந்தாள். செகண்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து நள்ளிரவுக்கு மேல் தூங்கிய மனிதர், தூக்கத்திலேயே "ம்ம்" என்றிருக்கிறார். எட்டு மணிக்கு உடம்பு சுட்டதும் அவரும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

பாராசிட்டமால் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற மருந்துதான். குழந்தைக்கு அதை வயதை வைத்துக் கொடுப்பதில்லை, எடையை வைத்துத்தான் அளவு. ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்றால் 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப்புக்குச் சொன்ன அளவை சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்டர் அத்தனை கேள்வி கேட்டது அதற்காகத்தான். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை அட்டையை எடுத்துட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னாராம்.

அட்டை வீட்டில்தான் இருந்தது. பீரோவில், புடவைகளுக்குக் கீழே, ரேஷன் கார்டு வைக்கிற கவரில். பத்திரமாகத்தான் இருந்தது. எங்கே இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரியாது.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரு மட்டும் போடாத. மத்தபடி எழுது. என்னை மாதிரி ஊர்ல நெறைய பேர் இருக்கானுங்க" என்றார். அந்த நல்ல மனசுக்காகவே இந்த வாரம் இந்தப் பகுதி அவருக்கு.

மாப்பிள்ளை என்கிற விருந்தாளி

மாமா பாசம் இல்லாதவர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. பாப்பாவின் முதல் சிரிப்பு வீடியோவை கம்பெனி கேன்டீனில் எல்லோரிடமும் காட்டியவர். அவருக்குப் பாசம் இருந்தது, பழக்கம்தான் இல்லை. பழகுவதற்கு அவருக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை என்பதை யோசித்துப் பார்த்தால், அதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்து வந்துவிடுவோம். பிரசவம் முடிந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோய் விடுவோம். பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கட்டும், அம்மா கையால் பத்தியச் சாப்பாடு கிடைக்கட்டும் என்பதற்காக வந்த நல்ல வழக்கம் அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று, நான்கு மாதங்கள் குழந்தையின் அப்பா எங்கே இருக்கிறார்?

எங்கள் வீட்டில் அவர் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு காலையில் வந்து இறங்குவார். வந்ததும் சேர் போடுவோம். அம்மா காபி கொடுப்பார். "மாப்பிள்ளைக்கு ஃபேன் போடுடா" என்று என்னிடம் சொல்வார். குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மை வைத்து, துண்டில் சுற்றி அவர் மடியில் வைப்பார்கள். "கழுத்து நிக்கல, பார்த்து... பார்த்து!" என்று நான்கு பேர் சுற்றி நிற்போம். நான் போட்டோ எடுப்பேன். குழந்தை சிணுங்கினால் உடனே ஒரு கை நீண்டு வாங்கிக்கொள்ளும். ஒருநாள் நனைந்த துணியை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் போனபோது அம்மா பதறியே போனார். "ஐயய்யோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை!" மாப்பிள்ளை பீத்துணி அலசினால் எங்கள் மரியாதை என்ன ஆவது? அவர் சங்கடத்தோடு துணியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சேரில் வந்து உட்கார்ந்தார்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார். இப்படியே பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள்.

அந்த நான்கு மாதத்தில் அக்கா பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டாள். எப்படிப் பிடித்தால் ஏப்பம் வரும், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. முதல் வாரம் அவளும் பயந்துபோய் அம்மாவோடு சேர்ந்து அழுதவள்தான். ஓசூருக்கு அவர்கள் போய் இறங்கியபோது ஒருவருக்கு நான்கு மாத அனுபவம், இன்னொருவருக்குப் பதினாறு ஞாயிறு. அன்றிலிருந்து வீட்டில் யார் 'நிபுணர்', யார் 'எடுபிடி' என்பது முடிவாகிவிட்டது. அந்த வித்தியாசம் அப்படியே வளர்ந்து, பதினான்காம் மாதம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது.

குழந்தை வளர்ப்பு ஆண்களின் உடம்புக்கு ஒத்துவராது என்று ஒரு பேச்சு உண்டு. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 624 இளைஞர்களை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2011-ல் வெளியானது. திருமணமாகி அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரான் ஹார்மோன் நன்றாகவே குறைந்திருந்தது. அதிலும் தினமும் மூன்று மணி நேரம், அதற்கு மேல் குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. மல்லுக்கு நிற்கிற ஹார்மோன் அடங்கி, மடியில் வைத்துக்கொள்கிற மனநிலைக்கு உடம்பு தயாராகிறது என்றுதான் ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் 'ஆக்கா' என்ற வேட்டைச் சமூகத்தில் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) அப்பாக்கள் நாளில் கிட்டத்தட்ட பாதி நேரம் குழந்தையைக் கையில் வைத்திருப்பார்கள், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள் என்று மானுடவியலாளர் பேரி ஹியூலெட் பதிவு செய்திருக்கிறார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை மார்போடு ஒட்டவைத்துச் சூடு கொடுக்கும் 'கங்காரு' முறையை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஆரம்பித்தார்கள். அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பாவின் நெஞ்சும் அதே சூட்டைத்தான் தருகிறது. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர ஆணால் முடியாதது என்று எதுவும் இல்லை.

"அப்பா வரட்டும், சொல்றேன்!"

நம் எல்லோர் பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜாதிப் பெயரை விட்டொழித்துவிட்டு நாம் பிடித்துக்கொண்ட இனிஷியல். பெரும்பாலும் அது அப்பாவின் எழுத்து. ஸ்கூல் அப்ளிகேஷனில் முதல் கட்டம் 'தந்தை பெயர்'. அதே ஸ்கூலின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள், அப்பாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "நாளைக்கு கலர் டிரஸ்ஸா, யூனிஃபார்மா?" என்ற கேள்வி எந்த அப்பாவிடமிருந்தாவது வந்து பார்த்திருக்கிறீர்களா?

மாறாக, வீட்டில் அப்பாவுக்கு வேறொரு பதவி உண்டு. "இரு, அப்பா வரட்டும், சொல்றேன்!" நாள் முழுக்க அம்மா பேசிச் சமாளித்த வழக்குக்கு, ராத்திரி எட்டு மணிக்கு வந்து தண்டனை கொடுக்கிற நீதிபதி பதவி. வழக்கின் விவரம் எதுவும் தெரியாமல் தீர்ப்பு மட்டும் சொல்ல வேண்டும். என்னிடம் பேசிய ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணன் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "கேட் சத்தம் கேட்டா டிவியை ஆஃப் பண்ணிட்டுப் புஸ்தகத்தை எடுத்துடுவானுங்க தம்பி. நான் உள்ள வரும்போது வீடே கப்சிப். ரொம்ப நாள் அதை மரியாதைன்னு நெனச்சேன்."

சட்டத்திலும் இதே இனிஷியல் கதைதான். 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அப்பா. 'அவருக்குப் பிறகு' அம்மா. தன் மகனின் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் அப்பாவின் கையெழுத்து கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. 'பிறகு' என்றால் அப்பாவின் ஆயுளுக்குப் பிறகு என்று அர்த்தமில்லை, அப்பா 'இல்லாதபோது' என்று அர்த்தம். குழந்தையின் விஷயத்தில் எந்த அக்கறையும் காட்டாமல் ஒதுங்கியிருப்பதும் 'இல்லாதது'தான். ஒரே வீட்டில் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும்கூட! அம்மாவின் உரிமைக்காக வந்த தீர்ப்பு அது. ஆனால் ஒரு அப்பா எப்போது 'இருக்கிறார்' என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

26 வாரம், 15 நாள், அப்புறம் ஒன்றுமில்லை

எல்லாப் பழியையும் அப்பாக்கள் தலையில் போட்டுவிட்டால் எழுதுவது சுலபம். ஆனால் மாமா பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு போட்டார் தெரியுமா? மூன்று நாள். அதுவும் சம்பளப் பிடித்தத்தோடு.

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன்கூடிய விடுப்பு கொடுத்தார்கள். நல்ல விஷயம். அந்தச் சட்டத்தில் அப்பாவுக்கு ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால் விடுப்பு விதிகளின்படி 15 நாள் உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியார் நிறுவனம் என்றால் அது அந்த நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது. பெரிய ஐ.டி கம்பெனிகளில் சில வாரங்கள் வரை கொடுப்பவர்கள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கடையில் வேலை பார்ப்பவருக்கும், டெலிவரி வண்டி ஓட்டுபவருக்கும் குழந்தை பிறந்த நாள் என்பது வருமானம் இல்லாத நாள், அவ்வளவுதான். தந்தையர் விடுப்புக்காக 2017-ல் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. சட்டமாகவில்லை.

2023-ல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மனைவியின் பிரசவத்துக்காகக் கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த நீதிமன்றம், தந்தையர் விடுப்புக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் தேவை என்று சொன்னது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர், 'என் மனைவிக்குப் பக்கத்தில் நான் இருக்க வேண்டும்' என்று கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

விடுப்பு கொடுத்துவிட்டால் மட்டும் அப்பாக்கள் மாறிவிடுவார்களா? ஸ்வீடன் கதையைக் கேளுங்கள். 1974-லேயே அங்கே அம்மா, அப்பா இருவரும் பகிர்ந்துகொள்கிற மாதிரி விடுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாக்களில் மிகச் சிலர்தான் எடுத்தார்கள். தங்கள் பங்கையும் மனைவி பெயருக்கே எழுதிக்கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். 1995-ல்தான் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். ஒரு மாதம் அப்பாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர் எடுக்காவிட்டால் அது வீணாகப் போய்விடும், மனைவிக்கும் தர முடியாது. அதற்குப் பிறகுதான் அப்பாக்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மொத்தம் 480 நாளில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் அப்படித் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சும்மா கிடைப்பதை வீணாக்க எந்த ஊர் மனிதருக்கும் மனசு வராது போல.

நம் நிலைமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவிகிதம் பேர். ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளில் 140 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடுகிற ஆண்கள் 74 நிமிடங்கள். சமையல், துணி, பாத்திரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. அதைச் சொன்னால் இன்னும் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

போனுக்குள் இருக்கும் அப்பா

வேறு வழியே இல்லாத அப்பாக்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் அப்பா துபாயிலோ, குவைத்திலோ, சிங்கப்பூரிலோ இருப்பார். நாமக்கல் பக்கம் லாரி டிரைவர் வீடுகளில் அப்பா மாதத்தில் சில நாள் விருந்தாளி. இவர்களைப் பார்த்து 'குழந்தையோடு நேரம் செலவிடுங்கள்' என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தூரத்தில் இருப்பதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

என் கல்லூரி நண்பன் ஒருவனின் அப்பா பத்து வருடத்துக்கும் மேல் மஸ்கட்டில் டிரைவராக இருந்தவர். வெள்ளிக்கிழமை மட்டும் போன் பண்ணுவார். "நல்லா படிக்கிறியா, அம்மா சொல்றதைக் கேட்கிறியா?" என்று எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்விகளை அவர் கேட்டதே இல்லையாம். "செவ்வாய்க்கிழமை கணக்கு டெஸ்ட்டுன்னு சொன்னியே, அந்த அஞ்சாவது கணக்கு வந்துச்சா?" என்று கேட்பாராம். கையில் ஒரு டைரி வைத்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாராம். சண்டை போட்ட நண்பன் பெயர், சைக்கிள் டியூப் பஞ்சரானது, பூனை குட்டி போட்டது. ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டியில் அந்த டைரிகளும் வந்தன. "எங்கப்பா வீட்ல இல்லன்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்லடா" என்று நண்பன் சொன்னபோது, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிற பல அப்பாக்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

அப்பா இல்லாத வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்துபோயிருக்கலாம், பிரிந்துபோயிருக்கலாம். தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கிய அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு 'என் பிள்ளைக்கு ஏதோ குறை' என்று நினைக்கக் கூடாது. தாத்தா, தாய்மாமா, பெரியப்பா என்று யாரோ ஒருவர் அந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். நிற்காவிட்டாலும் நீங்கள் வளர்த்துவிட்டீர்கள். இங்கே பேச்சு, வீட்டிலேயே இருந்துகொண்டு இல்லாமல் இருப்பவர்களைப் பற்றி.

"விடுங்க, உங்களுக்கு வராது"

இதைச் சொன்னால் அக்கா என்னைத் திட்டுவாள். இருந்தாலும் சொல்கிறேன். மாமா சில முறை முயற்சி செய்தார். டயப்பரைத் திருப்பிப் போட்டார். சட்டையின் பட்டனை மாற்றிப் போட்டார். சோறு ஊட்டினால் பாதி தரையில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா, "விடுங்க, உங்களுக்கு வராது, நானே பார்த்துக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வாள். அவளைப் பொறுத்தவரை அது நேரத்தை மிச்சப்படுத்துகிற வழி. வேலைக்கும் போய், தேர்வுக்கும் படிக்கிறவளுக்குத் தரையைத் துடைக்கக்கூட நேரமில்லை. மாமாவுக்கோ அது ஒரு விடுதலைப் பத்திரம். வராது என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன?

இதில் இன்னொரு வார்த்தை இருக்கிறது, 'ஹெல்ப்'. "எங்க வீட்டுக்காரர் ரொம்ப ஹெல்ப் பண்ணுவார்" என்று பெருமையாகச் சொல்வோம். அடுத்தவர் வேலையில்தானே ஹெல்ப் பண்ண முடியும்? அக்கா ஊருக்குப் போன நாட்களில் மாமா குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அக்கம்பக்கத்தில் பாராட்டு விழா நடக்காத குறை. வருடம் முழுக்க அதையே செய்கிற அக்காவை யாரும் ஒரு வார்த்தை பாராட்டிக் கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு வீட்டில் ஒரு வாரம் சரியாகப் பேச்சில்லை. அப்புறம் மாமாவே ஒரு முடிவுக்கு வந்தார். 'எல்லாத்தையும் பகிர்ந்துக்கலாம்' என்று வசனம் பேசவில்லை. ஷிஃப்ட் வேலையில் அது முடியாது என்று அவருக்கே தெரியும். இரண்டு வேலைகளை முழுசாக எடுத்துக்கொண்டார். ஒன்று, காலைக் குளியல். இன்னொன்று, மருந்து, ஊசி, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட எல்லாம். அக்கா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதில் தலையிடக் கூடாது. இதுதான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்கிறாள். முதல் வாரம் பாத்ரூமிலிருந்து குழந்தை அலறுகிற சத்தம் கேட்டபோது, சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாளாம். கண்ணில் சோப்புப் போய்விட்டது. அடுத்த நாள் போகவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பாப்பா காலையில் எழுந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம்தான் போகிறாள்.

தடுப்பூசி அட்டையின் எல்லாப் பக்கங்களையும் மாமா போட்டோ எடுத்து போனில் தனி ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. யார் எந்த மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும், சட்டம். போன முறை நான் போயிருந்தபோது, சளிக்கு என் கையால் ஒரு வேளை சிரப் கொடுத்தேன். "எழுதினியா?" என்று கேட்டார். ஃபேக்டரி லாக் புக் மாதிரி என்னிடம் கையெழுத்து வேறு வாங்கினார்.

தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். வேலைக்குப் போகிற எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, எனக்கே இந்தக் கட்டுரைக்கு முன் தெரியாது. போன மாதம் ஒரு புதன்கிழமை, செகண்ட் ஷிஃப்ட் இருந்ததால், காலையில் மாமா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். பெஞ்ச் முழுக்க அம்மாக்களும் பாட்டிகளும். ஒரு பாட்டி அவருக்காக நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "பொஞ்சாதிக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று விசாரித்திருக்கிறார்.

அவர் முறை வந்ததும் நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம்.

"அம்மா வரலையா சார்? குழந்தையைப் பத்தி சில விவரம் கேட்கணுமே."

"நான் வந்திருக்கேன் சிஸ்டர். கேளுங்க."

பதினொரு மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. அழுது மூக்கு சிவந்த பாப்பா, தோளில் எச்சில் கறையோடு மாமா. கீழே மெசேஜ்: '16 மாச ஊசி ஆச்சு. தொடைல ஒண்ணு, கைல ஒண்ணு, வாயில ரெண்டு சொட்டு. வெயிட் 9.8. அடுத்தது அஞ்சு வயசுல. இடையில விட்டமின் ஏ மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.'

என் அம்மா உடனே பதில் போட்டார்: 'மாப்பிள்ளை தனியாவா போனீங்க? சாப்டீங்களா?'